பழைய வேனுக்கு ஒரு புதுப் பலகை



"என்ன மகள், இந்த மாதம் வேனைப் பற்றியா எழுதப் போறீங்க? தையல் எல்லாம் முடிஞ்சிட்டா?" என்று உம்மா கேட்கிறார். இதுவும் ஒரு வகையில் அளவெடுத்து வெட்டிய கதைதான். வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

என் தம்பி மாவனல்லையிலிருந்து கண்டிக்குப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறார். அவரிடம் இருப்பது நம் நாட்டில் எல்லோரும் 'டொல்பின்' என்று அழைக்கும் பழைய டொயோட்டா ஹையேஸ் வேன். ஜப்பானில் அந்த வடிவம் 1989இல் வந்து 2004இல் நின்றுபோனது. தம்பியின் வேனுக்கு வயது முப்பதை நெருங்குகிறது. புதிதாக ஒன்று எடுக்கலாமே என்பீர்கள். 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரியெல்லாம் சேர்ந்த விலையைக் கேட்டுவிட்டுத் தம்பி பேசாமல் வீட்டுக்கு வந்து, வேனைக் கழுவினார்.

வேனின் எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. குறை டாஷ்போட்டின் நடுவில் இருந்தது. ஏசிக் காற்று முகத்துக்கு வரவேண்டுமா, காலுக்கா, முன் கண்ணாடிக்கா என்று தள்ளி வைக்கும் கட்டைகளும் காற்றாடியின் சுவிட்சும் உள்ள பலகை அது. வெயிலில் கிடந்து கிடந்து பப்படம் மாதிரி ஆகிவிட்டது. எழுத்துகள் அழிந்து, ஓர் ஓரம் வெடித்து, ஒரு கட்டையும் முறிந்து விழுந்துவிட்டது. தம்பி அந்த இடத்தில் ஓர் ஐஸ்பழக் குச்சியைச் செருகி வைத்திருந்தார். நானும் எத்தனையோ தடவை அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

ஒரு நாள் காலை கடுகண்ணாவை ஏற்றத்தில் நல்ல மழை. நனைந்த சீருடையோடு பதினான்கு பிள்ளைகள் உள்ளே. நனைந்த துணியும் மூச்சும் சேர்ந்தால் கண்ணாடி வெள்ளைத் துணி போட்டது போல் மூடிக்கொள்ளும். அப்போது ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்ப வேண்டும். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் கண்ணாடி சீக்கிரம் தெளியும். தம்பி கையை நீட்டிக் குச்சியைத் தேடினார். அது கழன்று காலடியில் விழுந்துவிட்டது. குனிந்து எடுக்க முடியுமா, அந்த வளைவில்? ஓரமாக நிறுத்தி, ஒரு பிள்ளையின் துவாயை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே மேலே போனாராம். அன்று இரவு அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

மறு கிழமை கொழும்புக்குப் போய்ப் பஞ்சிகாவத்தையில் தேடினார். பழைய வாகன உதிரிப்பாகங்களுக்கு அந்த இடத்தை விட்டால் வேறு எங்கே போவது? ஒரு கடையில் கழற்றிய பலகை ஒன்று கிடைத்தது. ஆனால் அதுவும் இதே வயது, இதே வெயில் தின்றது. பின்பக்கக் கொக்கிகளில் இரண்டு ஏற்கெனவே இல்லை. சொன்ன விலைக்கு இரண்டு டயர் வாங்கலாம். "ராத்தா, அதை வாங்கினாலும் அடுத்த வருஷம் திரும்பவும் குச்சிதான்" என்றார். அப்போதுதான் நாமே ஒன்று செய்து பார்த்தால் என்ன என்ற பேச்சு வந்தது. வரைவதற்கு என் மகன் இருக்கிறான். கம்பியூட்டரில் அழைப்பிதழ், பெயர்ப்பலகை வரைவது அவன் வேலை. அளவெடுக்க நான்.

ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம் பலகையைக் கழற்றினோம். முதல் வேலை பெட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுவது. இதை விட்டுவிட்டு உள்ளே கை வைக்கவே கூடாது. கட்டைகளை வெறும் பிளையரால் இழுத்தால் நசுங்கும். பழைய துணியைச் சுற்றி நேராக இழுக்க வேண்டும். ஒவ்வொரு திருகாணியையும் கழற்றும் முன் மகன் போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டான். திருகாணிகளை நான் முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டு வைத்தேன்.

பலகை கைக்கு வந்ததும் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். காற்றாடி சுவிட்சுக்கு நேரே கபில நிறத்தில் ஒரு கறை. ஸ்திரிகைப்பெட்டி துணியைச் சுட்டால் வருமே, அதே நிறம். மகன் "வெயில்தான்" என்றான். வெயில் முன்பக்கத்தைத்தானே சுடும்? பின்பக்கத்தை எப்படிச் சுட்டது?

கராஜ் பாஸைக் கூப்பிட்டோம். அவர் டோர்ச் அடித்து, சுவிட்சில் செருகியிருந்த பிளக்கை உருவிக் காட்டினார். வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் உருகி, ஒரு வயரின் மேல்தோல் கறுத்துச் சுருண்டிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "ஃபியூஸ் இருக்கிறதே, அது ஏன் போகவில்லை?" என்று கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் இது. ஃபியூஸ் போவது அளவுக்கு மிஞ்சி மின்சாரம் ஓடினால்தான். இங்கே ஓடியது வழக்கமான அளவுதான். ஆனால் பிளக்கின் பித்தளைப் பல் வருடக்கணக்கில் தளர்ந்து, சரியாகத் தொடாமல் நின்றது. சரியாகத் தொடாத இடத்தில் மின்சாரம் நெருக்கிக்கொண்டு போவதால் அந்த ஓர் இடம் மட்டும் கொதிக்கும். காற்றாடியை உச்ச வேகத்தில் வைத்தால் இன்னும் அதிகம். ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது.

சகோதரிகளே, இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நாங்கள் பஞ்சிகாவத்தைப் பலகையை வாங்கி முன்னால் அழகாகப் பூட்டியிருந்தால், அந்தப் பிளக் அதற்குப் பின்னால் எரிந்துகொண்டே இருந்திருக்கும். உங்கள் வீட்டு வாகனத்தில் சுவிட்சுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நிறம் மாறினாலோ, காற்றாடி போடும்போது சுட்ட மணம் வந்தாலோ, சுவிட்ச் கைக்குச் சூடாகத் தெரிந்தாலோ அதை முதுமை என்று விட்டுவிட வேண்டாம். வீட்டிலுள்ள ஆண்கள் "பழைய வாகனம், அப்படித்தான்" என்பார்கள். விடாமல் கேளுங்கள்.

பாஸ் பிளக்கையும் வயரின் ஒரு துண்டையும் வெட்டியெறிந்து, சரியான தடிப்பில் புதிதாகப் போட்டு, சுவிட்சையும் மாற்றினார். அதன் பிறகுதான் பலகை வேலை.

எதில் செய்வது? தம்பியின் கூட்டாளி ஒருவர் முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருக்கிறார். அதில் அதிகம் பாவிக்கும் பீ.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்ற வாகனங்களின் டாஷ்போட் சராசரியாக 69 பாகை வரை சுட்டிருக்கிறது. மாவனல்லை அரிசோனா இல்லைதான். ஆனாலும் பாடசாலை விடும்வரை வெட்டவெளியில் நிற்கிற வேனில் அதை நம்ப முடியுமா? பின்பக்கத்துத் தாங்கிகளை மட்டும் சூட்டைத் தாங்கும் ஏ.பீ.எஸ். பிளாஸ்டிக்கில் அவரிடம் செய்வித்தோம். முகப்புக்குப் பெயர்ப்பலகைக் கடைகளில் இருக்கும் அக்ரிலிக் தகட்டை எடுத்தோம். ரெக்ஸினையோ பீ.வீ.சீ. தகட்டையோ லேசரில் வெட்டித் தரும்படி கேட்க வேண்டாம். வெட்டும்போது நச்சுப் புகை வரும்; இயந்திரமும் துருப்பிடித்துவிடும். நல்ல கடைக்காரர் மறுத்துவிடுவார்.

அளவெடுப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் பிழை விடுவது இங்கேதான். போனில் பிடித்த படத்தை வைத்து வரையக் கூடாது. ஓரங்கள் வளைந்து வரும். வெடித்த துண்டுகளைப் பொருத்தி, ஓர் அடிமட்டத்தையும் பக்கத்தில் வைத்து, ஸ்கேனரில் குப்புறப் போட்டுப் படமெடுத்தோம். அதன்மேல் மகன் கோடு கோடாக வரைந்தான். உண்மையான அளவில் கடதாசியில் அச்செடுத்து, கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டி மட்டையில் ஒட்டி, வெட்டி, வேனில் வைத்துப் பார்த்தோம். சரிவரவில்லை. திருத்தி மறுபடி வெட்டினோம். நான்கு மட்டை வீணானது. சட்டை தைக்கும் முன் பழைய வேட்டித் துணியில் வெட்டிப் பார்ப்பதில்லையா? மட்டை மலிவு, அக்ரிலிக் மலிவில்லை.

கட்டை ஓடும் துளைகளின் மூலைகளைச் சதுரமாக விடாமல் வட்டமாக வளைத்தோம். பழைய பலகை வெடித்திருந்ததெல்லாம் மூலைகளிலிருந்துதான். கழுத்து வெட்டில் கூர்மூலை விட்டால் கிழிசல் அங்கிருந்துதானே தொடங்குகிறது!

இனி எழுத்துகள். அடையாளச் சின்னங்களுக்கு உலகப் பொது அளவுகோல் ஒன்று இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 2575 என்று பெயர். உட்கார்ந்த மனிதனும் முகத்தை நோக்கிய அம்பும், வளைந்த கண்ணாடியும் மேலெழும் காற்றும் எல்லாம் அதிலுள்ளவை. அவற்றை அப்படியே வைத்தோம், நாளை வேறு யாரும் ஓட்டினாலும் விளங்க வேண்டுமே. அவற்றுக்குக் கீழே தமிழில் 'முகம்', 'கால்', 'கண்ணாடி' என்று போடச் சொன்னது தம்பி. மகன் மூன்று மில்லிமீற்றர் உயரத்தில் போட்டான். கடையில் பொறித்துப் பார்த்தால் 'ண்ணா'வின் சுழிகளெல்லாம் அடைபட்டு ஒரு கறுப்புப் பொட்டு! நம் எழுத்துக்கு ஐந்து மில்லிமீற்றராவது வேண்டும், கோடும் மெல்லியதாக இருக்க வேண்டும்.

எழுத்து இரவில் ஒளிர்வது எப்படி என்று நினைக்கிறீர்கள்? மிகவும் எளிது. தகடு பால் வெள்ளை. அதன்மேல் மினுக்கமில்லாத கறுப்புப் பெயின்ட் மெல்லிதாக இரண்டு மூன்று தடவை அடித்து, ஒரு நாள் காயவிட்டோம். எழுத்து வர வேண்டிய இடத்தில் மட்டும் லேசர் கறுப்பைச் சுரண்டி எடுத்துவிடும். பகலில் வெள்ளை எழுத்தாகத் தெரியும். இரவில் பின்னாலுள்ள பல்பின் வெளிச்சம் அந்த வழியாக மட்டும் வரும். மினுக்கமான கறுப்பு அடித்தால் வெயில் பட்டு ஓட்டுபவரின் கண்ணில் அடிக்கும். பல்புகளுக்குப் பதிலாகச் சிறிய எல்.ஈ.டி. போட்டோம்; சூடு குறைவு. அதற்கு நேர் எதிர்ப் பக்கம் உண்டு, எரியாவிட்டால் திருப்பிச் செருக வேண்டும். வெளிச்சம் பொட்டுப் பொட்டாக விழுந்ததால் பின்னால் வெள்ளை டிரேசிங் கடதாசி ஒன்றை ஒட்டினேன்.

இவ்வளவு கவனமாகச் செய்த முதல் பலகையை நாசமாக்கியதும் நான்தான். பூட்டும் முன் விரலடையாளங்கள் தெரிகின்றனவே என்று, கண்ணாடி துடைப்பது போல் ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் ஓரங்களைத் துடைத்தேன். காலையில் பார்த்தால் வெட்டிய ஓரம் முழுக்கச் சிலந்தி வலை போல் நுண்ணிய வெடிப்பு. லேசர் வெட்டிய அக்ரிலிக்கின் ஓரத்தில் ஓர் இறுக்கம் உள்ளேயே நிற்குமாம். ஸ்பிரிட்டோ தின்னரோ பட்டால் அது வெடித்துக்கொண்டு வெளிவரும். இளஞ்சூட்டுத் தண்ணீரும் ஒரு துளி சவர்க்காரமும் மென்துணியும்தான் அதற்கு. மகன் ஒன்றும் சொல்லவில்லை. தம்பிதான், "பரவாயில்ல ராத்தா, பைல் இருக்குதானே" என்று மறுநாளே தகடு வாங்கப் போனார். இரண்டாவது தடவை கடைக்காரரிடம் கேட்டு, வெட்டிய தகட்டை 80 பாகை சூட்டில் சில மணித்தியாலம் வைத்து மெல்ல ஆறவிட்டுத்தான் எடுத்தோம். அப்படிச் செய்தால் அந்த இறுக்கம் தளர்ந்துவிடும்.

பலகை பூட்டி இப்போது ஏழு மாதம். பாஸ் மாதம் ஒருமுறை அந்தப் பிளக்கைத் தொட்டுப் பார்க்கிறார். கண்டிப் பாதையில் ஓடும் வேறு இரண்டு டொல்பின்காரர்கள் தங்களுக்கும் செய்து தரும்படி மகனிடம் கேட்டிருக்கிறார்கள். முதலில் பழையதைக் கழற்றி, பின்பக்கத்தைப் பாஸிடம் காட்டிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். ஒருவர் போனார், மற்றவர் இன்னும் வரவில்லை.

'கால்' என்ற எழுத்துக்கு மேலுள்ள துளை மட்டும் அரை மில்லிமீற்றர் இடப்பக்கம் விலகிவிட்டது. கட்டை அந்த இடத்தில் கொஞ்சம் உரசும். தம்பி அதை மாற்ற வேண்டாம் என்கிறார். இருட்டிலும் மழையிலும் பார்க்காமலே கை வைத்தால், உரசும் இடம் வந்ததும் அதற்கு அடுத்தது கண்ணாடி என்று விரலுக்குத் தெரிகிறதாம்.