கண்ணாடித் தொட்டி மீனும் கைப்பேசிப் படமும்



மீனைக் கண்டு மகிழ்வது தமிழர்க்குப் புதிதன்று. பாண்டியர் தம் கொடியிலேயே மீனைப் பொறித்தனர். மதுரையில் உறையும் அம்மைக்கு மீனாட்சி என்னும் திருநாமமும் அமைந்தது. அந்த மரபில் வந்த நம் பிள்ளைகள், இன்று யாங்கூன் மாநகரின் அடுக்குமாடி வீடுகளில், கூடத்தின் ஒரு மூலையில் கண்ணாடித் தொட்டி வைத்துக் கப்பியும் தங்கமீனும் சண்டைமீனும் வளர்க்கின்றனர். வளர்ப்பதோடு நின்றுவிடுவதில்லை. கைப்பேசியால் படம் பிடித்து இணையத்தின் வழியே உலகெங்கும் அனுப்புகின்றனர். சென்னையில் இருக்கும் மாமாவும் சிங்கப்பூரில் இருக்கும் அத்தையும் அதே மாலையில் அந்த மீனைக் கண்டு மகிழ்கின்றனர்.

"படிக்கும் பிள்ளைக்கு இது தேவைதானா?" என்று பெற்றோர் சிலர் வினவுகின்றனர். தேவை என்பதே என் கருத்து. ஆனால், படத்தை அனுப்பும் கைக்குப் பொறுப்பும் உண்டு என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்க வேண்டும். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் இந்நாட்டிலேயே ஒரு விரற்கடை மீன் அந்தப் பாடத்தை உலகுக்கு உணர்த்தியுள்ளது.

ஷான் மாநிலத்து இன்லே ஏரியை அறியாதார் இலர். 1917ஆம் ஆண்டு, இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநரான நெல்சன் அன்னன்டேல் அங்குச் சென்று ஏரி மீன்களை ஆராய்ந்தார். 1918இல் அவர் வெளியிட்ட நூற்கட்டுரையின் வாயிலாகவே அவ்வேரியின் அழகிய சிறுமீன்கள் பல அறிவியல் உலகுக்கு அறிமுகமாயின. அக்காலத்தில் பிடித்த மீனைச் சாராயத்தில் இட்டுப் பாதுகாப்பர்; சின்னாளில் அதன் வண்ணம் மங்கிவிடும். ஆகவே, அம்மீன்களின் உண்மையான எழிலைத் தொலைவில் இருந்தோர் காண்பது அரிதாயிருந்தது.

எண்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஷான் மாநிலத்தின் ஹோபோங் நகருக்கு அருகே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில், நீர்ப்பூண்டுகள் அடர்ந்த ஆழமற்ற குட்டைகளில் புதிய மீனினம் ஒன்று கண்டறியப்பட்டது. முழு வளர்ச்சியிலும் அதன் நீளம் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டரே. கருநீல உடலெங்கும் முத்துத் தெளித்தாற்போன்ற புள்ளிகள். துடுப்புகளில் செந்நிறமும் அதன் இருமருங்கிலும் கருங்கோடுகளும். இரவு வானமே நீந்தி வருவது போன்ற தோற்றம்.

அம்மீனின் வண்ணப்படங்கள் சில வாரங்களிலேயே இணையத்தில் பரவின. மீன் வளர்ப்போர் அதற்கு 'கேலக்ஸி ரஸ்போரா' என்று பெயரிட்டு, எங்கே கிடைக்கும் என்று கேட்கத் தொடங்கினர். வணிகர் விரைந்தனர், வலைகள் குட்டைகளில் இறங்கின. சில மாதங்களுக்குள் அம்மீன் கடல் கடந்து அயல்நாட்டுக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. டைசன் ராபர்ட்ஸ் என்னும் அறிஞர் சிங்கப்பூர் ஆய்விதழ் ஒன்றில் அதற்கு முறையான அறிவியல் பெயர் சூட்டியதோ 2007ஆம் ஆண்டில்தான். பெயர் பெறுமுன்பே விலை பெற்றுவிட்டது அந்த மீன்! அறியப்பட்ட குட்டைகள் வெறுமையாகி இவ்வினமே அற்றுப்போகுமோ என்னும் அச்சமும் உடனே எழுந்தது.

நல்லூழாக, அவ்வச்சம் முழுதும் மெய்யாகவில்லை. வேறு இடங்களிலும் அம்மீன் வாழ்வது பின்னர் அறியப்பட்டது. தொட்டியிலேயே முட்டையிட்டுப் பெருகும் இயல்பும் அதற்கு உண்டு. மீன் வளர்ப்போர் தாம் கண்ட இனப்பெருக்க முறையைப் படங்களுடன் ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டனர். இன்று தொட்டியில் பிறந்த மீன்களே கடைகளில் பெருமளவில் கிடைக்கின்றன. குட்டைக்கு இடரை வரவழைத்ததும் படம்; அவ்விடரைத் தணிக்கத் துணைசெய்ததும் படம். இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

"படம் எடுத்தவரா வலை வீசினார்? பேராசை கொண்டவரைக் குறை கூறாமல் படத்தைக் குறை கூறலாமா?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வியே. வலை வீசிய கை வேறுதான். எனினும், வழி காட்டிய கைக்கும் அதில் பங்குண்டு. இருபது முழத் தொலைவிலே அடங்கிவிடும் சிறு குட்டையில் வாழும் உயிருக்கு ஓடி ஒளிய வேறிடம் இல்லை என்பதை நாம் மறத்தலாகாது.

இஃது இந்நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. தமிழகத்தின் அண்டை மாநிலமான கேரளத்திலும் தென் கருநாடகத்திலும், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஆறுகளில் 'மிஸ் கேரளா' என்னும் செங்கோட்டு மீன் வாழ்கிறது. அதன் அழகே அதற்குப் பகையாயிற்று. வண்ணமீன் சந்தைக்காக ஆறுகளிலிருந்து பெருவாரியாகப் பிடிக்கப்பட்டு, இன்று அழியும் இடர்ப்பாட்டில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. 2005 முதல் 2012 வரை, அழிவு அச்சுறுத்தலுக்கு உள்ளான 30 இனங்களைச் சேர்ந்த 15 இலட்சத்திற்கும் மேற்பட்ட நன்னீர் மீன்கள் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாயின என்று 2013இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகிறது.

ஆகவே, மாணவச் செல்வங்களே, மூன்று நெறிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, மீனின் நலமே முதன்மை. படம் அதன் பின்னரே. அஞ்சிய மீனும் நோயுற்ற மீனும் நிறம் வெளுக்கும். நலமாக வாழும் மீனே தன் முழு வண்ணத்தையும் காட்டும். எனவே, நல்ல படத்திற்கு முதற்படி நல்ல பராமரிப்பே. கண்ணாடியைத் துடையுங்கள். அறை விளக்கை அணைத்துத் தொட்டியின் மேல்விளக்கை மட்டும் எரியவிடுங்கள். பின்புறம் கருந்தாள் ஒட்டுங்கள். கைப்பேசியின் மின்னொளி கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும், மீனும் வெருளக்கூடும், அதனைத் தவிருங்கள். தொட்டியைத் தட்டாமல் அமைதியாகக் காத்திருங்கள். நம் நகரில் மின்சாரம் நிற்கும் வேளையில் காற்றுக்குழாய் ஓய்ந்து, மீன் மேலே வந்து வாய் பிளக்குமாயின், அது படம் பிடிக்கும் நேரமன்று. குவளையால் நீரை முகந்து உயரத்திலிருந்து மெல்ல ஊற்றிக் காற்றுக் கலக்கச் செய்யும் நேரம்.

இரண்டாவது, பொய் வண்ணம் வேண்டா. மியான்மரிலும் இந்தியாவிலும் இயற்கையாக வாழும் கண்ணாடி மீனின் உடலில் ஊசியால் சாயம் ஏற்றி விற்கும் கொடுமை பல்லாண்டுகளாக நடந்துள்ளது. படத்தில் நிறத்தை மிகையாகக் கூட்டுவது அத்தகைய கொடுமையன்று எனினும், இல்லாத வண்ணத்தை விரும்பும் ஆசையை அதுவும் வளர்க்கும்.

மூன்றாவது, ஓடையிலோ குட்டையிலோ அரிய மீனைக் கண்டு படம் எடுத்தால், இடத்தைத் துல்லியமாக வெளியிடாதீர்கள். கைப்பேசி தானாகவே படத்துடன் இருப்பிடத்தைக் குறித்து வைக்கக்கூடும். அவ்வசதியை முன்னரே நிறுத்திவிடுங்கள். மாவட்டத்தின் பெயரைச் சொன்னால் போதும். மடைவாயைக் காட்ட வேண்டியதில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை படத்தை அனுப்புமுன், அதன் கீழே நான்கு வரிகள் தமிழில் எழுதச் சொல்லுங்கள். மீனின் பெயர் என்ன, அதன் பிறப்பிடம் எது, என்ன உண்ணும், தொட்டியில் பிறந்ததா ஆற்றில் பிடித்ததா என்னும் நான்கே செய்திகள். வாரம் முழுதும் பர்மிய மொழியிலும் ஆங்கிலத்திலும் பயிலும் பிள்ளைக்கு, வார இறுதி வகுப்பில் கற்ற செதிளும் செவுளும் துடுப்பும் அப்போது வெறும் பாடச்சொற்களாய் நில்லா. கடையில் வாங்கிய மீன் எங்கிருந்து வந்தது என்று வினவும் வழக்கமும் உண்டாகும். அடுத்த ஆண்டு விழாவில் அத்தகைய படங்களைத் தமிழ்க் குறிப்புகளுடன் ஒரு சுவரில் காட்சிக்கு வைத்தால், அது நம் பள்ளிக்கு அணியாக அமையும்.

ஹோபோங் குட்டைகளில் வாழும் அந்தச் சிறுமீனுக்குத் தன் படம் உலகைச் சுற்றியது தெரியாது. தெரிந்த நாமே அதற்காகச் சிந்திக்க வேண்டும். படம் எடுங்கள், பகிருங்கள், மகிழுங்கள். ஆனால், உங்கள் படத்தால் ஒரு குட்டையும் வெறுமையாகாதபடி காத்துக்கொள்ளுங்கள்.

வளர்க நம் பள்ளி! வாழ்க தமிழ்!