பறை உனக்கு, வயலின் எனக்கு: இந்தப் பங்கீட்டைச் செய்தது யார்?

இசைக்குச் சாதி இல்லை என்று மேடையில் பேசுகிறவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் பிள்ளைக்கு இசை கற்றுக்கொடுப்பவர் வேறு எந்தெந்தத் தெருப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்? பதில் வரும்போது குரல் இறங்கிவிடும். ஏழு சுரங்களுக்குச் சாதி இல்லைதான். அவற்றைக் கற்றுக்கொடுக்கும் திண்ணைக்குச் சாதி இருக்கிறது. எந்தக் கருவியை யார் செய்யவேண்டும், யார் மடியில் வைத்து வாசிக்கலாம் என்பதிலும் சாதி இருக்கிறது.

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் ஓராண்டாக ஞாயிற்றுக்கிழமைகளில் கிளாசிக்கல் கிட்டார் கற்கிறோம், கற்பிக்கிறோம். பட்டம் வாங்கிய ஆசிரியர் யாரும் இல்லை. பெங்களூருக்குப் போய்க் கொஞ்ச காலம் கற்றுவந்த தோழர் ஒருவர் எங்களுக்குச் சொல்லித்தருவார். நாங்கள் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவோம். இந்த ஓராண்டில் இரண்டு கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டோம்.

ஒன்று வெளியிலிருந்து வருவது: "கம்பெனி வேலைக்குப் போற பசங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?"

இன்னொன்று நம் தோழர்களிடமிருந்தே வருவது: "நமக்குப் பறை இருக்கு. வெள்ளைக்காரன் வாத்தியம் எதுக்குத் தோழர்?"

முதல் கேள்வி வெறும் திமிர். இரண்டாவது கேள்வியில் அன்பு இருக்கிறது, வரலாற்று வலியும் இருக்கிறது. ஆனாலும் இரண்டும் ஒரே முடிவில்தான் போய் நிற்கின்றன: இந்தத் தெருப் பிள்ளைக்கு இந்தக் கருவி வேண்டாம். அதனால்தான் இரண்டாவது கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

வயலினிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை

வயலின் எந்த ஊர் வாத்தியம்? ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு அதைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? அதை மடியில் சாய்த்து வாசிக்கும் பிள்ளையிடம், "உங்களுக்குத்தான் வீணை இருக்கிறதே, வெள்ளைக்காரன் வாத்தியம் எதற்கு?" என்று யாராவது கேட்டதுண்டா? அவர்கள் கையில் எடுத்தால் அது இரண்டே தலைமுறையில் மரபாகிவிடுகிறது. நாம் எடுத்தால் அந்நிய மோகமாகிவிடுகிறது.

அரசின் கணக்கையும் பார்ப்போம். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் மூன்றாண்டுப் படிப்பாகக் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய ஏழு பாடங்கள் கற்பிக்கப்படுகின்றன. கிருஷ்ணகிரியிலும் அப்படி ஒரு பள்ளி இருக்கிறது. ஐரோப்பிய வயலினுக்கு அங்கே இடம் உண்டு. இந்த மண்ணின் பறை அந்த ஏழில் இல்லை. அண்மைக் காலத்தில்தான் நாட்டுப்புறக் கலைகளை வாரக்கடைசிப் பகுதிநேரப் பயிற்சியாகச் சேர்த்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்பு, பறைக்கு வாரக்கடைசி. கிட்டாருக்கு அதுவும் இல்லை. மண்ணின் கருவியா, அயல் கருவியா என்பது இங்கே அளவுகோலே இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

விருப்பமும் ஒதுக்கீடும்

பறையைச் சாவு வீட்டிலிருந்து மீட்டு விடுதலைக் கருவியாக மேடையேற்றியது இயக்கம். தலித் கலைக்குழுக்கள் பல ஆண்டுகள் உழைத்து அதைச் சாதித்தன. 2025-ல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது நாமும் மகிழ்ந்தோம். ஆனால் விருது வந்ததால் ஊர்க்கட்டளை ஓய்ந்துவிடவில்லை. சாவு விழுந்தால் ஆள் அனுப்பி, "வந்து அடிச்சிட்டுப் போ" என்று அதிகாரமாகக் கூப்பிடும் வழக்கம் இன்னும் சாகவில்லை. பறையை ஒருவர் விரும்பி எடுத்தால் அது கலை, அரசியல், பெருமை. பிறப்பைக் காட்டி அவர் கையில் திணித்தால் அது குலத்தொழில்.

ஊர்க்காரன் திணித்தால் ஒடுக்குமுறை, தோழர் திணித்தால் அடையாள அரசியலா? அம்பேத்கர் 1936-ல் 'சாதி ஒழிப்பு' நூலில் காட்டியது இதைத்தான். தனிமனிதரின் விருப்பத்தையும் திறமையையும் கணக்கில் எடுக்காமல், பிறப்பைப் பார்த்து முன்கூட்டியே வேலையை ஒதுக்குவதுதான் சாதியின் இயக்கமுறை. வேலைக்குப் பொருந்துகிற அந்த வாதம் வாத்தியத்துக்கும் பொருந்தும். எங்கள் குடியிருப்பில் பறை அடிக்கும் பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள், கிட்டார் வாசிப்பவர்களும் இருக்கிறார்கள், இரண்டையும் செய்பவர்களும் இருக்கிறார்கள். எதை எடுப்பது என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

நரம்புக் கருவி நமக்கு அந்நியம் என்பதும் பொய். சங்க காலத்தில் யாழைச் சுமந்து ஊர் ஊராகப் போனவர்கள் பாணர்கள். அந்தப் பாணர்களே பின்னாளில் தீண்டப்படாதவர்களாக ஆக்கப்பட்டார்கள். கோயிலுக்குள் நுழையாமல் வெளியே நின்று பாடியதாகச் சொல்லப்படும் திருப்பாணாழ்வாரின் கதை வேறு எதைச் சொல்கிறது? யாழும் நம் கையை விட்டுப் போயிற்று. அது எப்படி இருந்தது என்று விபுலானந்தர் ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதவேண்டிய நிலை 1947-ல் வந்தது.

மிருதங்கத்தையும் பாருங்கள். மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் இல்லாமல் அந்தக் கருவி பேசாது. தோலைப் பதப்படுத்தி இழுத்துக் கட்டும் கைகள் பெரும்பாலும் தலித் கிறித்தவக் கைகள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை 2020-ல் எழுதியபோது, வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. செய்பவர் வேறு, வாசிப்பவர் வேறு என்ற பங்கீட்டைப் பேசினாலே அரங்கம் மூடிக்கொள்கிறது.

பண்ணைப்புரத்திலிருந்து ஒரு கிட்டார்

கிளாசிக்கல் கிட்டாரை நம்மவர் கற்று என்ன கிழித்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாடே அறிந்த ஒரு பதில் உண்டு. 1943-ல் பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாட்டுக் கச்சேரி செய்த இளைஞர் சென்னைக்கு வந்தார். மயிலாப்பூர் விடுதி அறையொன்றில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைக் கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. 2025 மார்ச் 8-ல் அவரது சிம்பொனி லண்டனில் அரங்கேறியது.

இளையராஜா பின்னாளில் எடுத்த அரசியல் நிலைகளோடு நமக்கு உடன்பாடு இல்லை. 2022-ல் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்டு அவர் எழுதிய முன்னுரையை நாம் கண்டித்தோம். அது வேறு விவாதம். இங்கே கவனிக்கவேண்டியது, அவருக்குக் கதவு எப்படித் திறந்தது என்பதை. தன்ராஜ் மாஸ்டரின் அறையில் இடம் கிடைத்தது. கற்றவை தாளில் குறியீடாக எழுதப்பட்டிருந்தன. தேர்வில் வாசிப்புக்குத்தான் மதிப்பெண், வம்சத்துக்கு இல்லை. இந்த மூன்றும் சேர்ந்ததால் ஒருவர் உள்ளே போனார். அந்த வாய்ப்பு அமையாததால் வெளியிலேயே நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர்? 'ஒரு இளையராஜா வந்துவிட்டாரே' என்று சொல்லி அந்தக் கணக்கை மூடிவிட முடியாது. ஒரே ஒருவரைக் காட்டித் திருப்தி அடைவதும் மேட்டுக்குடிப் பழக்கம்தான்.

நகமும் ஷிப்டும்

அதற்காகக் கிட்டாரைப் புனிதப்படுத்தவும் வேண்டாம். ஐரோப்பாவிலேயே அது நெடுங்காலம் சாராயக்கடை வாத்தியமாகத்தான் பார்க்கப்பட்டது. ஸ்பெயினின் செகோவியா போன்றவர்கள் 20-ஆம் நூற்றாண்டில் அதைப் பெரிய அரங்குகளுக்குக் கொண்டுபோனார்கள். போனதும் அங்கேயும் வாசலில் காவல் நின்றது. பராகுவேயில் பிறந்த அகுஸ்தின் பாரியோஸ் மிகச் சிறந்த கிட்டார் இசையமைப்பாளர்களில் ஒருவர். குவரானிப் பழங்குடித் தலைவரின் உடையில் மேடையேறியவர். அவர் உலோகத் தந்தி கட்டி வாசித்ததையே அன்றைய கனவான்கள் ஏளனம் செய்தார்கள். 1944-ல் எல் சால்வதோரில் அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான் உலகம் அவரை முழுதாகக் கண்டுகொண்டது.

எங்களுக்கும் ஒரு காவல் வந்தது, நக வடிவில். வலக்கை நகத்தை வளர்த்து, அரத்தால் தேய்த்து வடிவம் கொடுத்துத்தான் தந்தியை மீட்டவேண்டும் என்கிறார்கள் இன்றைய ஆசிரியர்கள். அசெம்பிளி லைனில் நிற்பவருக்கு நகம் எப்படி வளரும்? வளர்ந்தாலும் உடையும், இல்லாவிட்டால் சூப்பர்வைசர் வெட்டச் சொல்வார். பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம்: இந்தக் கருவிக்கு ஏராளமாக எழுதிய சோர் நகமில்லாமல்தான் வாசித்தார். தாரேகாவும் கடைசிக் காலத்தில் நகத்தை வெட்டிவிட்டு விரல் சதையாலேயே மீட்டினார். மாற்ற முடியாத விதி என்று சொல்லப்பட்டது, நேரமும் வசதியும் உள்ளவர்களின் வழக்கம், அவ்வளவுதான். கார்காசி, கருலி போன்றவர்களின் 19-ஆம் நூற்றாண்டுப் பயிற்சி நூல்களுக்கு இன்று காப்புரிமை இல்லை. செல்பேசியில் இறக்கி, ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். யார் காலிலும் விழவேண்டியதில்லை.

ஆனால் காலில் விழாமல் கற்கலாம் என்பதால் காசில்லாமல் கற்கலாம் என்று ஆகிவிடாது. சுமாரான நைலான் தந்திக் கிட்டாரே ஒப்பந்தத் தொழிலாளியின் ஒரு வாரக் கூலியைத் தாண்டுகிறது. டிரினிட்டி தேர்வுக் கட்டணம் நிலைக்கு நிலை ஏறுகிறது. ஷிப்டு வாரா வாரம் மாறுகிறது. நைட் ஷிப்டு முடித்து வருபவர் பகலில் தூங்குவாரா, ஸ்கேல் வாசிப்பாரா? சாதி மூடிய கதவைத் திறந்தால் அதற்குப் பின்னால் வர்க்கம் இன்னொரு பூட்டோடு நிற்கிறது.

தொழில் வந்தால் சாதி போய்விடும் என்று ஓசூரைக் காட்டிப் பேசுவார்கள். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எல்லாம் வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நான்கு மொழி பேசுபவர்கள் ஒரே லைனில் நிற்கிறார்கள். இதே ஓசூரை ஒட்டிய சூடுகொண்டபள்ளியைச் சேர்ந்த இணையர், சாதி மாறித் திருமணம் செய்ததற்காக 2018 நவம்பரில் கொல்லப்பட்டார்கள். உடல்கள் கர்நாடகத்தில் காவிரியில் கிடைத்தன. எந்திரம் தானாகச் சாதியை ஒழிக்காது. கிட்டாரும் தானாக ஒழிக்காது. யாரோடு உட்கார்ந்து, யாரிடம், எதைக் கற்கிறோம் என்பதை மாற்றும்போதுதான் ஏதாவது நகரும்.

என்ன கேட்கவேண்டும்?

கிருஷ்ணகிரி அரசு இசைப்பள்ளியில் பறையையும் கிட்டாரையும் மூன்றாண்டு முழுநேரப் பாடமாக்கு என்று கேட்போம். அவற்றுக்கான ஆசிரியர் பணியிடங்களை இடஒதுக்கீட்டின்படி நிரப்பு என்று கேட்போம். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மாலை நேர இசை வகுப்பும், பிள்ளைகள் எடுத்து வாசிக்கக் கருவிகளும் வேண்டும் என்று கேட்போம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். அதில் கலை, பண்பாட்டுக்கும் இடம் உண்டு. ஓசூர்த் தொழிலாளியின் வியர்வையில் வந்த லாபத்தின் ஒரு துளி, அவர் பிள்ளையின் கைக்குக் கருவியாக வரட்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் தெருவில் யாருக்காவது நாலு கார்டு தெரிந்தால், பறையில் நாலு அடி தெரிந்தால், கீபோர்டில் ஒரு பாட்டு தெரிந்தால், வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காரும் இடமாகப் பார்த்து வகுப்பை நடத்துங்கள். இடம் தர மறுப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் யார் என்பதையும் அந்த வகுப்பே நமக்குக் காட்டிக்கொடுக்கும்.