அறுகோணத்துள் காணாமற்போன மனிதர்

நம் பிள்ளையார்பாளையத்தில் தறியோசைக்கு நடுவே அமர்ந்து புவியியல் படிக்கும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் வால்டர் கிறிஸ்டாலர் என்னும் பெயரை அறிவர். சுற்றியுள்ள சிற்றூர்களின் தேவைகளை நிறைவுசெய்யும் நகரம் நடுவில் அமையும் என்று 1933-இல் அவர் எழுதிய மைய இடக் கோட்பாடு, இந்திய ஆட்சிப்பணித் தேர்வின் புவியியல் பாடத்திட்டத்திலும் உள்ளது. சுற்றுக் கிராமத்தார் துணிக்கும் மருந்துக்கும் காஞ்சிபுரம் வருவதைக் கண்டோர்க்கு அது எளிதில் விளங்கும். அறுகோணங்களை வரைந்து காட்டினால் மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அவ்வறுகோணங்கள் எந்த மண்ணின்மீது விரிக்கப்பட்டன என்பதை நாம் சொல்லித் தருகிறோமா?

1940-இல் கிறிஸ்டாலர் நாசிக் கட்சியில் சேர்ந்தார். ஹிம்லரின் அதிகாரத்தில் இயங்கிய குடியேற்றத் திட்ட அலுவலகத்தில், பேராசிரியர் கொன்ராட் மேயரின் கீழ்ப் பணியாற்றினார். 1939-இல் ஜெர்மனி பறித்துக்கொண்ட மேற்குப் போலந்தில் எங்கே சிற்றூர், எங்கே நகரம் என்று புதிய ஒழுங்கு வகுத்தார். அங்கே போலந்து மக்களும் யூதரும் தலைமுறைகளாய் வாழ்ந்துவந்தனர். அவர்களை அகற்றினாலன்றி ஜெர்மானியரைக் குடியேற்றுவது எங்ஙனம்? இலட்சக்கணக்கானோர் துரத்தப்பட்டனர், யூதர்கள் கொன்றொழிக்கப்பட்டனர். அப்பகுதியின் துணை ஆயர் மிக்கேல் கோசால் 1943-இல் தாகாவு வதைமுகாமில் உயிர்நீத்தார். 1987-இல் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

'அவர் கோடுதானே வரைந்தார், துப்பாக்கி ஏந்தவில்லையே' என்பர் சிலர். இவ்வாதத்தை நாம் ஏற்கோம். மனிதர் வாழும் மண்ணை வெற்றுத்தாளாகக் கொள்வது, அம்மனிதரை இல்லையென்று எழுதுவதேயாகும். தறிக்குழி உள்ள வீட்டை வரைபடத்தில் காலி நிலமெனக் குறித்தால், இடிக்கும் கை பின்னர் வருவது. குறித்த கையே முன்னது. அறியாமை என்னும் சாக்கும் இங்கில்லை. ஹிட்லர் ஆட்சிக்கு அஞ்சி 1934-இல் பிரான்சுக்குச் சென்றவரே கிறிஸ்டாலர்.

'அக்காலத்தில் வேறு வழி ஏது' என்பர் வேறு சிலர். அதே பாடத்திட்டத்தில் அவருக்கு அடுத்து அச்சாகியுள்ள பெயரே இதற்கு விடை. அவுகுஸ்து லோஷ் என்னும் பொருளியல் அறிஞரும் அதே அறுகோணங்களை ஆராய்ந்தவர்தாம். அவர் நாசி ஆட்சிக்கு விசுவாச உறுதிமொழி அளிக்க மறுத்தார். பேராசிரியர் பதவி எட்டாமற்போயிற்று. ஐரோப்பாவில் போர் முடிந்த அதே 1945 மே மாதத்தில், 38 வயதில் மறைந்தார். கிறிஸ்டாலரோ 1969 வரை வாழ்ந்து, அறிஞருலகின் பாராட்டுகளையும் பெற்றார்.

கோட்பாட்டைக் கற்பிக்க வேண்டாம் என்று நாம் கூறவில்லை. இரு பெயர்களையும் கற்பிக்கும்போது இரு வாழ்வுகளையும் சேர்த்துக் கற்பியுங்கள் என்றே நம் கத்தோலிக்கக் கல்லூரி ஆசிரியர்களை வேண்டுகிறோம். நாளை நம் பிள்ளைகளுள் சிலர் நில அளவையாளராவர், திட்ட அலுவலராவர். அறிவு நடுநிலையானது என்று நம்பி வளர்ந்தவர், ஆணை வந்ததும் கோல் எடுத்துக் கோடு போடுவார். மனச்சான்று பெற்றவரோ, 'இவ்விடத்தில் வாழ்வோர் யார்?' என்று முதலில் கேட்பார். காயினிடம் கேட்கப்பட்ட வினாவும் ஏறத்தாழ அதுவேயன்றோ?