யார் கொண்டு வந்தாலும் ஒரே தராசு

மாணவர்களே, "நியூட்டன் சொன்னது தவறு, ஐன்ஸ்டைன் சொன்னதும் தவறு. உண்மையைக் கண்டுபிடித்தவர் நம் ஆள்தான்!" என்பது போன்ற செய்தி உங்கள் குடும்பப் புலனக் குழுவுக்கும் வந்திருக்கலாம். மேடையிலும் இப்படிப் பேசியிருக்கிறார்கள். 2019 ஜனவரியில் பஞ்சாப் மாநிலம் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒருவர் அந்த இருவரையுமே மறுத்துப் பேசினார். ஈர்ப்பு அலைகளுக்கு இந்தியப் பிரதமரின் பெயரைச் சூட்ட வேண்டும் என்றும் சொன்னார். அறிவியலாளர்கள் பலர் கண்டித்தார்கள்.

"அப்படியானால் ஐன்ஸ்டைனைக் கேள்வி கேட்கவே கூடாதா?" என்பீர்கள். தாராளமாகக் கேட்கலாம். 1905இல் ஐன்ஸ்டைனே பேராசிரியர் அல்லர். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் காப்புரிமை அலுவலக ஊழியர். புதுக் கொள்கை சொல்பவர்கள் இதை மறக்காமல் எடுத்துக்காட்டுவார்கள். அவர் அதன்பின் செய்ததைத்தான் விட்டுவிடுவார்கள். புதன் கோளின் சுற்றுப்பாதை மெல்லத் திரும்புகிறது. நியூட்டன் கணக்கைவிட அது நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி கூடுதல். ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு வில்விநாடி. அவ்வளவு சிறிய வேறுபாட்டுக்கும் விடை கிடைக்காமல் வானியலாளர்கள் திணறினார்கள். 1915இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடு அதே 43ஐத் தந்தது. நியூட்டன் சரியாகச் சொன்ன இடங்களில் நியூட்டனின் விடையையே தந்தது.

இன்று சுங்கை பட்டாணியிலிருந்து கூலிமுக்கு வழிகாட்டும் கைப்பேசியிலும் அவர் கணக்கு இருக்கிறது. வழிகாட்டும் செயற்கைக்கோளின் கடிகாரம், தரையில் உள்ள கடிகாரத்தைவிட ஒரு நாளில் சுமார் 38 மைக்ரோவிநாடி வேகமாக ஓடும். திருத்தாமல் விட்டால், செயற்கைக்கோளுக்கும் நமக்கும் உள்ள தூரக் கணக்கில் ஒரே நாளில் சுமார் 11 கிலோமீட்டர் பிழை வரும். ஐன்ஸ்டைன் தவறு என்பவர், தம் கொள்கையிலிருந்து இந்த 38ஐக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். அதுதான் நாம் அவரிடம் கேட்பது.

கெடாவின் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய உங்கள் தாத்தா பாட்டிக்கு இந்த நியாயம் தெரியும். பாலில் தண்ணீர் கலந்தால் எடை கூடிவிடும். அதனால்தான் எடையோடு விடாமல், அதில் ரப்பர் எவ்வளவு என்றும் சோதித்தார்கள். கொள்கைக்கும் அப்படியே. பெரிய சொற்கள் எடையைக் கூட்டும். உள்ளே ரப்பர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனை பெரியவர்களுக்கும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, வெண்குள்ள விண்மீனின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று கணக்கிட்டார். அப்போது அவருக்கு 19 வயது. 1935 ஜனவரியில், புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் லண்டன் கூட்டத்திலேயே அதை எள்ளி நகையாடினார். எடிங்டனிடம் பெயர் இருந்தது, சந்திரசேகரிடம் கணக்கு இருந்தது. சூரியனின் நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கு என்னும் அந்த வரம்பு இன்று அவர் பெயரால் வழங்குகிறது. 1983இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

ஆகவே, யாராவது புதுக் கொள்கை சொன்னால் சிரிக்காதீர்கள். உடனே பகிரவும் செய்யாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். பழைய கொள்கை சரியாகச் சொன்னதை இதுவும் சொல்கிறதா? அளந்து பார்க்க ஓர் எண் தருகிறதா? எந்த முடிவு வந்தால் இது தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்?

உங்களுக்கே ஒரு புதுக் கொள்கை தோன்றினால் இன்னும் நல்லது. முதலில், ஒரு மீட்டர் நூலில் சிறு கல்லைக் கட்டி மெதுவாக ஆட்டிவிடுங்கள். 20 முறை போய்த் திரும்ப ஏறக்குறைய 40 விநாடி ஆகும். இன்னும் கனமான சிறு கல்லைக் கட்டினாலும் அதே 40 தான். உங்கள் கொள்கையும் அந்த 40ஐத் தருகிறதா என்று பார்த்துவிட்டு, கணக்கை எழுதி உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.