ரயிலுக்கு இரண்டு தலை எதற்கு?

சென்னையிலிருந்து ஹவுராவுக்கு கோரமண்டல் எக்ஸ்பிரஸில் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். விசாகப்பட்டினம் வந்ததும் வண்டி சுமார் 20 நிமிடம் நிற்கும். டீ குடிக்கலாம், தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம். பிறகு கிளம்பும்போது பார்த்தால் வந்த பக்கமாகவே போகும்! முதல் தடவை போகிறவர்கள் "வண்டி திரும்பவும் சென்னைக்கா?" என்று பதறுவதும் உண்டு. ஒன்றும் இல்லை, அந்த ஸ்டேஷனின் அமைப்பு அப்படி. உள்ளே வந்த வண்டி வந்த வழியிலேயே கொஞ்ச தூரம் வெளியே போய்த்தான் ஹவுரா பாதையைப் பிடிக்க முடியும்.

அதற்காக ஒரு முனையில் எஞ்சினைக் கழற்றி, மறுமுனையில் ஒன்றை மாட்ட வேண்டும். பிரேக் குழாயை இணைக்க வேண்டும். கடைசிப் பெட்டி வரை காற்றழுத்தம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இத்தனை வேலைக்கும்தான் அந்த நேரம்.

இரண்டு முனையிலும் ஒவ்வொரு எஞ்சின் இருந்துவிட்டால்? லோகோ பைலட் மறுமுனைக்குப் போய் உட்கார்ந்தால் போதும். இதைத்தான் 'புஷ்-புல்' என்கிறார்கள். முன்னால் இருப்பது இழுக்கும், பின்னால் இருப்பது தள்ளும். முன் எஞ்சினில் இருப்பவரே இரண்டையும் இயக்குவார்.

நம் ஊரில் 2019-இல் மும்பை சி.எஸ்.எம்.டி – ஹஸ்ரத் நிஜாமுதீன் ராஜ்தானியை இந்த முறையில் ஓட்டினார்கள். காரணம் கசாரா – இகத்புரி மலைப்பாதை. அங்கே 37 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம். வழக்கமாக அந்த ஏற்றத்துக்கு வண்டியை நிறுத்தி, பின்னால் 'பேங்கர்' எஞ்சின்களை மாட்டித் தள்ள வைப்பார்கள். பின்னால் ஏற்கெனவே ஒரு எஞ்சின் இருந்தால் அதற்காக நிற்க வேண்டியதில்லை.

ஆக, இந்த வசதி முதலில் பேசப்பட்டது ராஜ்தானிக்காக. ஏசி இல்லாத வண்டிக்கு அது வர 2023 டிசம்பர் 30 ஆனது. அன்று அயோத்தியில் தொடங்கி வைக்கப்பட்ட அம்ரித் பாரத் எக்ஸ்பிரஸ் அது. 22 பெட்டிகள், எல்லாம் ஸ்லீப்பரும் பொதுப்பெட்டியும்தான். பெட்டிகள் நம் பெரம்பூர் ஐ.சி.எஃப்-இல் செய்தவை. இரு முனையிலும் சித்தரஞ்சனில் செய்த டபிள்யூ.ஏ.பி-5 எஞ்சின், ஒவ்வொன்றும் சுமார் 6,000 குதிரைத்திறன். அதிகபட்ச வேகம் மணிக்கு 130 கி.மீ.

"130 எல்லாம் ஒரு எஞ்சினே போகுமே, எதற்கு இரண்டு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பொதுப்பெட்டி பயணிக்கு உச்ச வேகத்தால் பெரிய லாபம் இல்லை. அவருடைய வண்டி நின்று நின்று போகிற வண்டி. நின்ற வண்டி எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கிறது என்பதில்தான் அவருடைய நேரம் இருக்கிறது. எஞ்சினுக்கு எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும், கிளம்பும்போது சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்கிற பிடிதான் எல்லை. அதை மீறினால் சக்கரம் வழுக்கும். இரண்டு எஞ்சின் என்றால் பிடியும் இரண்டு மடங்கு.

அப்படியானால் இரண்டையும் முன்னாலேயே மாட்டலாமே? மாட்டலாம். ஆனால் அப்போது மொத்த வண்டியின் பாரமும் முதல் பெட்டியின் கப்ளிங்கில் விழும். வண்டி திரும்ப வேண்டிய இடத்தில் பழைய தலைவலியும் அப்படியே இருக்கும். ஆளுக்கு ஒரு முனை என்றால் பாரம் பிரிந்துவிடுகிறது.

சரி, செலவு? எதிர்ப்பவர்களின் வலுவான வாதம் இதுதான். சமவெளியில் வேகம் பிடித்துவிட்ட பிறகு இரண்டாவது எஞ்சினுக்கு அதிக வேலை இல்லை. ஆனாலும் அதை வேறு வண்டிக்கு அனுப்ப முடியாது. அதற்குப் பதில் பின்முனையில் ஓட்டுநர் அறை மட்டும் உள்ள ஒரு பெட்டியை வைத்து, ஒரே எஞ்சினால் இழுக்கவும் தள்ளவும் செய்யலாமே என்பார்கள். ஐரோப்பாவில் இப்படி ஓடும் வண்டிகள் ஏராளம்.

இந்த இரண்டையும் அடுத்தடுத்து செய்து பார்த்த ஒரு பாதை ஸ்காட்லாந்தில் இருக்கிறது. எடின்பரோ – கிளாஸ்கோ பாதையில் 1971 முதல் இரு முனையிலும் டீசல் எஞ்சின் வைத்து ஓட்டினார்கள். அந்தப் பத்தாண்டின் முடிவில் ஒரு எஞ்சினை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓட்டுநர் அறை கொண்ட பெட்டியை வைத்தார்கள். 1984 ஜூலை 30 அன்று, அந்தப் பெட்டி முன்னால் போக, எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, போல்மான்ட் அருகே ஒரு வண்டி வேகமாக வந்துகொண்டிருந்தது. தண்டவாளத்தில் ஒரு மாடு. மோதியதில் எடை குறைவான முன்பெட்டி தடம் புரண்டது. 13 பேர் இறந்தார்கள்.

ஒரே ஒரு மாடு! நம் ஊர்த் தண்டவாளத்தில் மாடு அபூர்வமா என்ன? 2022 அக்டோபரில் குஜராத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் வந்தே பாரத் வண்டி எருமைகள் மீதும் மாடு மீதும் மோதி மூக்கு உடைந்ததை எல்லோரும் படித்திருப்போம். நல்லவேளை, தடம் புரளவில்லை. அதனால் முன்னால் 78 டன் எஞ்சின் ஒன்று போவதை வீண்செலவு என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் இந்த விவாதத்தில் எப்போதும் நிமிடக் கணக்கும் பணக் கணக்கும்தான் வருகிறது. எஞ்சினைக் கழற்றுவது யார்? ஒரு மனிதர் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே இறங்கிக் கழற்றுகிறார். மழையிலும் இருட்டிலும் அதே வேலை. 2024 நவம்பர் 9 அன்று பீகாரின் பரௌனி ஜங்ஷனில் அப்படி இறங்கிய ஊழியர் ஒருவர் நடுவில் நசுங்கி இறந்தார். அந்தப் படம் நாடு முழுக்கப் பரவியது. இரண்டு நாள் பேசினோம், மறந்துவிட்டோம்.

இரு முனையிலும் எஞ்சின் இருக்கிற வண்டியில், பிளாட்பாரத்தில் அந்த இடைவெளிக்குள் யாரும் இறங்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. பணிமனையில் கழற்ற வேண்டியிருக்கும். ஆனால் அங்கே வண்டியைக் கிளப்ப வேண்டும் என்ற அவசரமோ, பயணிகள் கூட்டமோ இல்லை.

எல்லா வண்டிக்கும் இரண்டு எஞ்சின் கொடு என்று கேட்பது நடக்காத காரியம். அத்தனை எஞ்சினுக்கு எங்கே போவது? ஆனால் வரிசை ஒன்று வைக்கலாம். வழியில் திசை மாறுகிற வண்டிகளுக்கு முதலில். மலை ஏறுகிற வண்டிகளுக்கு அடுத்தது. பிறகு, வந்த பிளாட்பாரத்திலிருந்தே திரும்பிப் போகிற குறுந்தூர வண்டிகளுக்கு. கட்டணம் எவ்வளவு என்பதை வைத்து இந்த வரிசையைப் போடக்கூடாது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒரு மனிதர் அந்த இடைவெளிக்குள் இறங்குகிறார் என்பதை வைத்துப் போட வேண்டும்.

விசாகப்பட்டினத்தில் டீ குடிக்க நேரம் குறையும். பரவாயில்லை, வண்டியிலேயே டீ வரும்.