கூலிப் பணத்தில் எழுந்த மருத்துவமனை

சத்தீஸ்கரின் தல்லி ராஜஹரா, பிலாய் உருக்காலைக்கு இரும்புத் தாது வெட்டித் தரும் சிறு சுரங்க நகரம். ஆலையின் நிரந்தர ஊழியர்களுக்கு அங்கே நிர்வாகத்தின் மருத்துவமனை இருந்தது. பாறை உடைத்து லாரியில் ஏற்றிய ஆயிரக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அந்த வசதி எளிதில் கிட்டவில்லை. 1977இல் அவர்கள் தனிச் சங்கம் தொடங்கி, சங்கர் குஹா நியோகியைத் தலைமையேற்க அழைத்தார்கள். அதே ஆண்டு ஜூன் 2, 3 தேதிகளில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 11 பேர் மாண்டார்கள். பின்னர் சங்கத்தின் துணைத் தலைவி குசும் பாய், பிரசவத்தில் உரிய சிகிச்சை கிடைக்காமல் இறந்தார். கூலிக்காகப் போராடிக்கொண்டிருந்த சங்கத்தை மருத்துவத்தின் பக்கம் திருப்பியது அந்தச் சாவுதான்.

1982இல் ஒரு சிறு மருந்தகம் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜூன் 3, துப்பாக்கிச்சூட்டின் நினைவு நாளில், 15 படுக்கைகளுடன் ஷஹீத் மருத்துவமனை, அதாவது தியாகிகள் மருத்துவமனை, எழுந்தது. ஒரு மூத்த சுரங்கத் தொழிலாளியும் ஒரு விவசாயியும் அதைத் திறந்துவைத்தார்கள். கட்டடத்துக்கான பணம் தொழிலாளர்களின் சம்பளத்திலிருந்து வந்தது. வேலை முடிந்த பிறகு வந்து செங்கல் சுமந்தவர்களும் அவர்களே. நிதி நிறுவனங்களிடம் கையேந்துவதில்லை என்பதில் சங்கம் உறுதியாக இருந்தது. அன்றாடச் செலவை நோயாளிகள் தந்த சிறு கட்டணம் தாங்கியது.

பணம் யாருடையது என்பது சிகிச்சையையே மாற்றிவிடுகிறது. ஷஹீத் மருத்துவமனையின் வரலாற்றில் மிக முக்கியமாக நான் கருதுவது இதைத்தான். காய்ச்சல் என்றால் ஊசி, களைப்பு என்றால் குளுக்கோஸ் பாட்டில் என்று பழகிய ஊர் அது. பினாயக் சென், ஆஷிஷ் குண்டு, சைபல் ஜானா முதலிய மருத்துவர்களோ தேவையற்ற ஊசியும் டானிக்கும் கூடாது என்றார்கள். வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே கலக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பரிந்துரைத்தார்கள். தன் காசில் கட்டிய மருத்துவமனையில் ஊசி போடமாட்டேன் என்றால் தொழிலாளி சும்மா இருப்பாரா? மருத்துவர் காரணம் சொல்லியே ஆக வேண்டும். அப்படிச் சொல்லிச் சொல்லி வளர்ந்ததுதான் அங்கே நடந்த சுகாதாரக் கல்வி. சுரங்கத் தொழிலாளர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் பயிற்சி பெற்றுச் சுகாதாரப் பணியாளர்களானார்கள். ஊசிக்கும் பாட்டிலுக்கும் தனியாகப் பில் போடும் மருத்துவமனை இந்த விளக்கத்தைத் தர முன்வருவது கடினம். அதன் வருமானம் நோயாளியின் அறியாமையோடு பிணைந்திருக்கிறது.

சாராயத்துக்கு எதிராகவும் இதே சங்கம் இயக்கம் நடத்தியது. குடித்துக் கரைந்த கூலி வீட்டுக்கு வந்தால் அதுவும் நோய்த்தடுப்புதான் என்ற புரிதல் அவர்களிடம் இருந்தது.

1991 செப்டம்பர் 28 அன்று பிலாயில் தூங்கிக்கொண்டிருந்த நியோகி சுட்டுக்கொல்லப்பட்டார். மருத்துவமனை மூடப்படவில்லை, படுக்கைகள் 100ஐத் தாண்டிப் பெருகின. ஆனால் அதைத் தாங்கிய மண் மாறிவிட்டது. சுரங்கத்தில் இயந்திரங்கள் வரவர, கையால் தாது வெட்டியோர் குறைந்தார்கள். சங்கத்தின் பலத்தில் பிறந்த நிறுவனம், சங்கம் சுருங்கும்போது எதன்மேல் நிற்பது? சைபல் ஜானாவைப் போலப் பல்லாண்டுகள் அங்கேயே தங்கிப் பணியாற்றும் மருத்துவர்களை எந்த ஊரும் திட்டமிட்டு உருவாக்கிவிட முடியாது. ஆகவே இதை அப்படியே நகலெடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை.

எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. நம் ஊர்களிலும் தொழிலாளி தன் மருத்துவமனைக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். இ.எஸ்.ஐ. திட்டத்துக்காக அவருடைய சம்பளத்தில் 0.75 சதவீதமும், முதலாளியிடமிருந்து 3.25 சதவீதமும் போகின்றன. பணம் கட்டுபவர்தான் உரிமையாளர் என்ற எண்ணம் மட்டும் நம்மிடம் வேர்விடவில்லை. எந்த மருந்து இருப்பில் இல்லை, எந்தத் துறைக்கு மருத்துவர் இல்லை என்று மாதந்தோறும் கேட்டுப் பதில் பெறும் உரிமையைத் திருப்பூர், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சங்கங்கள் கையில் எடுக்க வேண்டும். போனஸும் கூலி உயர்வும் இடம்பெறும் கோரிக்கைப் பட்டியலில் உள்ளூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையையும் சேர்க்க வேண்டும்.