சாவி யாரிடம்?

சென்ற மாதம் ஒரு பின்னேரம், எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி கையில் ஒரு கோவையோடு வீட்டுக்கு வந்தாள். 2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் பட்டியல் மூலம் பிரதேச சபைக்குத் தெரிவானவள். "ராத்தா, நீங்க முதல் வருஷம் என்ன செய்தீங்க? எனக்கு அங்க போய் இருக்கிறதும் வாறதுமாத்தான் நாள் போகுது" என்றாள். அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அலுமாரிக்குள் கிடந்த என்னுடைய 2018ஆம் ஆண்டு நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன். ஓரத்தைக் கறையான் தின்றிருந்தது. அதைப் புரட்டிப் புரட்டி அவளுக்குச் சொன்னதையே இம்மாதம் சகோதரிகளாகிய உங்களுக்கும் எழுதுகிறேன்.

நாங்கள் சபைக்குள் போனது எப்படி என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதற்கு முன்பு நாடு முழுவதும் உள்ளூராட்சி மன்றங்களில் இருந்த பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். சட்டத்தைத் திருத்தி நூற்றுக்கு 25 இடம் பெண்களுக்கு என்று வைத்த பிறகு, 2018 பெப்ரவரி 10ஆம் திகதி நடந்த தேர்தலில் ஏறக்குறைய 1,900 பெண்கள் உள்ளே போனோம். எங்களில் பெரும்பாலானோர் வட்டாரத்தில் வென்றவர்கள் அல்லர். பட்டியலில் இருந்து எடுக்கப்பட்டவர்கள். அதனால் எங்களுக்கு 'போனஸ் மெம்பர்' என்று ஒரு பட்டப்பெயர். சாமான் வாங்கினால் கடைக்காரர் சும்மா தரும் கறிவேப்பிலை மாதிரி.

வட்டாரத்தில் வென்றவருக்கு வட்டாரம் உண்டு. வீதி விளக்கோ கொங்கிரீட் பாதையோ வந்தால் அதை இன்ன ஒழுங்கைக்கு என்று கேட்பதற்கு அவருக்கு ஓர் இடம் உண்டு. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. முதல் மூன்று மாதமும் நாட்குறிப்பில் இருப்பதெல்லாம் ஒரே மாதிரியான வரிகள்தான்: விளக்கு எரியவில்லை, கடிதம் கொடுத்தேன், கான் அடைத்திருக்கிறது, கடிதம் கொடுத்தேன். பெரிய வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, குழாய்த் தண்ணீர் நீர் வழங்கல் சபைக்கு, காணி பிரதேச செயலகத்துக்கு, பாடசாலை வலயக் கல்விக் காரியாலயத்துக்கு. எங்களுக்கு உரியது உள் ஒழுங்கை, கான், குப்பை, விளக்கு, மையவாடி, சந்தை. இதைத் தெரிந்துகொள்வதற்கே எனக்கு யூலை மாதம் ஆகிவிட்டது. அதுவரை ஊர்ப் பெண்கள் சொன்ன எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்து, பிழையான கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

சந்தை என்ற சொல்லை நாட்குறிப்பில் இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறேன். அதன் காரணம் கருவாட்டு மாமி.

எங்கள் ஊர்ச் சந்தை கிழமைக்கு ஒரு நாள் கூடும். விடிய நான்கு மணிக்கே சாக்கு விரிப்பார்கள். மரக்கறி, கருவாடு, வெங்காயம், ஓலைப் பாய், புள்ளைகளின் உடுப்பு. விற்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். உப்புக் காற்றும் வெயிலும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு நாள் மாமியிடம் கருவாடு வாங்கப் போனபோது அவர் பக்கத்துக் கடையில் வாங்கித் தந்த இளநீரை எனக்கு நீட்டினார். "நீங்க குடிங்க மாமி" என்றேன். "நான் சந்தைக்கு வந்தா தண்ணி வாயில வைக்கிறதில்ல புள்ள. வெச்சா எங்க போறது?" என்றார். நான்கு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிவரை! சுற்றியிருந்த பெண்களிடம் கேட்டேன். எல்லோருக்கும் அதே பழக்கம். இளம்பெண் ஒருத்தி மாதவிடாய் நாட்களில் சந்தைக்கே வருவதில்லை, அந்தக் கிழமை வருமானம் இல்லை என்றாள். சலக்கடுப்பு என்று மாமி இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். அதை ஏதோ தடிமன் வந்த மாதிரிச் சொன்னார்.

வேடிக்கை என்னவென்றால், சந்தை வளவின் மூலையில் மலசலகூடம் இருந்தது. சில வருடங்களுக்கு முன்பு ஏதோ ஒரு திட்டத்தில் கட்டி, நாடா வெட்டித் திறந்து, பெயர்ப் பலகையும் பதித்த கட்டடம். கதவில் பூட்டு. சாவி யாரிடம் என்று குத்தகைக்காரரிடம் கேட்டேன், காரியாலயத்தில் என்றார். காரியாலயத்தில் கேட்டேன்; குத்தகைக்காரரிடம் கொடுத்தாயிற்று என்றார்கள். பழைய குத்தகைக்காரரிடம் இருக்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

ஆவணி மாதக் கூட்டத்துக்கு இதைப் பிரேரணையாக எழுதிக் கொடுத்தேன். வாசித்தவுடன் பின்வரிசையில் சிரிப்பு. "சகோதரி, இதெல்லாம் சபையில் பேசுற விசயமா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். முகம் சிவந்து போய் நின்றேன். வழிமொழிய யாரும் இல்லாவிட்டால் அது அத்தோடு முடிந்தது. அப்போது எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒரு கை உயர்ந்தது. கரையோரக் கத்தோலிக்க ஊர் ஒன்றிலிருந்து வந்த சிங்களச் சகோதரி, வேறு கட்சி, அதுவரை நாங்கள் இரண்டு பேரும் தேநீர் இடைவேளையில் சிரித்ததைத் தவிர வேறொன்றும் பேசியதில்லை. "மீன் விக்கிற எங்க அம்மாவும் தண்ணி குடிக்க மாட்டாங்க" என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டு, மிச்சத்தைச் சிங்களத்தில் சொன்னார். பிரேரணை நிறைவேறியது.

இனி எழுதப்போவது என்னுடைய பிழை. தங்கச்சிக்கும் இதைத்தான் அதிக நேரம் சொன்னேன்.

நிறைவேறிய பிரேரணை கடதாசியாகவே இருந்தது. ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு எங்கள் மாதர் சங்கத்துப் பெண்கள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய், காரியாலயத்தில் சொல்லிப் பூட்டை வெட்டுவித்தோம். உள்ளே வௌவாலும் உடைந்த போத்தலும். இரண்டு நாள் சிரமதானம். சுண்ணாம்பு அடித்தோம். வாளியும் கோப்பையும் என் காசில் வாங்கி வைத்தேன். அடுத்த சந்தையில் மாமி என்னைக் கட்டிப் பிடித்தார். படம் எடுத்தார்கள். நானும் பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

மூன்றாவது கிழமை வாளியைக் காணவில்லை. தண்ணீர் இல்லை, பக்கத்துத் தேநீர்க் கடைக் கிணற்றில் அள்ளிக்கொண்டு வர வேண்டும். ஆண்களும் புகுந்தார்கள். கழுவ ஆள் இல்லை. ஐந்தாவது கிழமை மழை. எங்கள் மண் மணல். நிலத்தடித் தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கிறது. குழி நிரம்பி வழிந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்துவிட்டு, கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடியாவது இருக்க வேண்டும், மணல் நிலத்தில் அதுவும் போதாது, இங்கே அதில் பாதிகூட இல்லை என்று சொல்லி மூடச் சொன்னார். அவர் சொன்னது சரி. கற்பிட்டிப் பக்கத்து மணல் நிலத்தில் தோட்டத்துக்குப் போடும் உரம் கிணற்றுக்குள் இறங்கி நைத்திரேற்று கூடிக் கிடப்பதை ஆய்வாளர்கள் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார்கள். அதற்கு மேல் இதையும் நான் சேர்க்கப் பார்த்தேன்.

தேநீர்க் கடைக்காரரின் மனைவி சந்தைக்கு நடுவில் என்னை ஏசினார். மாமி ஒன்றும் சொல்லவில்லை. அவர் மறுபடியும் தண்ணீரை நிறுத்தியிருந்தார். அதுதான் எனக்கு ஏச்சைவிடக் கடுமையாக இருந்தது.

அந்தக் கிழமை சங்கக் கூட்டத்தில், கணக்குப் பார்க்கும் ஒரு பிள்ளை கேட்டாள்: "ராத்தா, சந்தைக் காசு எங்க போகுது?" நாங்கள் யாருமே கேட்காத கேள்வி. சந்தையில் இடவரி அறவிடும் உரிமையை வருடா வருடம் கேள்விப்பத்திரம் கோரிக் குத்தகைக்குக் கொடுப்பார்கள். அப்படியானால் ஓர் ஒப்பந்தம் இருக்க வேண்டும். அதைக் காட்டும்படி கேட்டால் 'பிறகு பார்ப்போம்' என்றார்கள். அப்போது தகவலறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். சங்கச் செயலாளர் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும் என்பதை நாங்கள் நாட்காட்டியில் குறித்து வைத்து எண்ணினோம். பிரதி வந்தது. சிங்களத்தில் இருந்தது. நான் சிங்களம் பேசுவேன், வாசிக்க வராது. கத்தோலிக்கச் சகோதரி வீட்டுக்கு பஸ் ஏறிப் போனேன். அவர் அடுப்பில் மீன் கறியை வைத்துக்கொண்டே வாசித்துச் சொன்னார். சந்தை வளவையும் அதிலுள்ள வசதிகளையும் துப்பரவாக வைத்திருப்பது குத்தகைக்காரரின் பொறுப்பு என்று ஒரு வரி இருந்தது. ஒரே ஒரு வரி. மலசலகூடம் என்ற சொல் இல்லை, திறந்து வைக்க வேண்டும் என்றும் இல்லை.

அந்த வருடக் கடைசி மாதங்கள் மாவட்டத்துக்கே கொதிப்பான காலம். கொழும்புக் குப்பையை அருவாக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு எதிராகப் புத்தளத்தில் சத்தியாக்கிரகம் நடந்தது. நாங்களும் புள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய் இருந்தோம். ஒக்டோபர் 26இல் பிரதமரை மாற்றிய குழப்பம் வேறு. சபைக்குள்ளும் கட்சிச் சண்டை ஏறியது. அடுத்த வருடத்து வரவு செலவுத் திட்டம் டிசம்பருக்குள் நிறைவேற வேண்டும், ஒவ்வொரு கட்சியும் வாக்கை எண்ணிக்கொண்டிருந்தது. பெண் உறுப்பினர்கள் நாங்கள் வெவ்வேறு கட்சிகளில் இருந்தோம். ஒரு வரியை மட்டும் ஒத்துப் பேசிக்கொண்டோம்: சந்தைப் பராமரிப்பில் புதிய குழிக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் காசு இல்லாவிட்டால் கை உயர்த்த மாட்டோம். ஒவ்வொருத்தியும் தன் கட்சித் தலைவரிடம் தனித்தனியே போய் அதே வரியைச் சொன்னோம். சண்டை பிடிக்கவில்லை. வாக்கு இழுபறியாக இருந்தபடியால் எங்களுக்குக் காது கொடுத்தார்கள் என்பதே உண்மை. எங்கள் சொல்லுக்கு மதிப்பு வந்துவிட்டது என்று நான் அப்போதும் நம்பவில்லை.

காசு ஒதுக்கப்பட்டது. 2019 குத்தகை ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகள் சேர்ந்தன: சந்தை நாளில் விடிய நான்கு மணிக்கு மலசலகூடம் திறந்திருக்க வேண்டும், கழுவும் ஆளுக்குக் கூலி குத்தகைக்காரருடையது. அவர் முணுமுணுத்தார். இதையும் போட்டால் நான் கேட்கிற தொகை குறையும் என்றார். அவர் கணக்கு அவருக்கு. கொஞ்சம் குறையட்டும் என்று சபை ஒத்துக்கொண்டது. குழியைச் சுகாதாரப் பரிசோதகர் காட்டிய இடத்தில், கிணற்றுக்கு எதிர்மூலையில் வெட்டினார்கள். மார்ச் மாதம் திறந்தது. இந்த முறை நாடாவும் இல்லை, படமும் இல்லை. மாமி ஒரு பிளேன்டீ வாங்கி என் முன்னால் வைத்துக் குடித்தார்.

இந்த இடத்தில் நாட்குறிப்பை மூடியிருப்பேன். ஆனால் அடுத்த பக்கங்களையும் தங்கச்சிக்குக் காட்டினேன். ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சந்தை கூடவில்லை. மே 13ஆம் திகதி எங்கள் மாவட்டத்தின் தென்பக்கத்தில், கொட்டாரமுல்லையில், வன்முறையில் ஓர் உயிரே போனது. அதன் பிறகு தங்கொட்டுவ வாரச் சந்தையில் முஸ்லிம் வியாபாரிகளுக்கு இடமளிக்க வேண்டாம் என்று வென்னப்புவ பிரதேச சபைத் தவிசாளர் கடிதம் கொடுத்ததும், விடயம் மாரவில நீதவான் நீதிமன்றத்துக்குப் போனதும் பத்திரிகைகளில் வந்தன. கழிவறைக் கதவைப் பற்றி நான் எட்டு மாதம் ஓடித் திரிந்தேன். சந்தையின் வாசலையே ஒரு கடிதத்தால் சாத்தலாம் என்று அப்போதுதான் விளங்கியது.

எங்கள் சந்தையில் அப்படி யாரும் கடிதம் எழுதவில்லை. ஆனாலும் பயம் இருந்தது. மறுபடி சந்தை கூடிய முதல் நாள், மாமி வருவதா வேண்டாமா என்று இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவரோடு போனேன். நாங்கள் போகும்போது கத்தோலிக்கச் சகோதரி ஏற்கெனவே அங்கே, மாமியின் வழமையான இடத்தில் சாக்கை விரித்து அதன்மேல் இருந்தார். அவருடைய ஊரிலும் அந்தக் கிழமைகளில் வீட்டுக்கு வீடு மையித்து வீடாகத்தான் இருந்தது. அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. "என்ன விலைக்கு வித்தீங்க அக்கா?" என்று மாமியிடம் கேட்டு, சூடைக் கருவாடு நூறு கிராம் நிறுத்து வாங்கினார். பிற்பகல்வரை இருந்தார்.

எங்கள் சபையின் காலம் 2023 மார்ச் 19ஆம் திகதி நள்ளிரவோடு முடிந்தது. தேர்தல் தள்ளிப்போய், புதிய சபைகள் 2025 யூன் மாதம்தான் வந்தன. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் கேட்பதற்கு உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. அந்தக் காலத்தில் சங்கத்துப் பெண்கள் முறை வைத்து, சந்தை நாளில் விடிய ஒருத்தி போய்க் கதவு திறந்திருக்கிறதா, தாங்கியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். நானும் என் முறைக்குப் போனேன். மெம்பராக இருந்தபோது போனதைவிட அதிக தடவை போயிருப்பேன்.

தங்கச்சி கோவையை மூடவில்லை. ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்டாள், கொடுத்தேன். இந்த வருட ஒப்பந்தத்தில் அந்த இரண்டு நிபந்தனையும் இருக்கிறதா என்று தான் பார்ப்பதாகச் சொன்னாள். நான் அதைப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். "இப்ப சாவி யாரிட்ட ராத்தா?"

"மாமிட கடைக் கம்பில ஒன்டு தொங்குது. மற்றது கழுவுற பிள்ளையிட்ட. காரியாலயத்துல ஒன்டு இருக்கோணும், அதை நீ போய்ப் பாரு" என்றேன்.